கல்லுப்புக்குத் தாங்கின மரம்

ஏனுங்க தம்பி, நீங்க கறி சாப்பிடுவீங்களா?

இல்லீங்க, சும்மாதான் கேட்டேன். சூலூர் போறதுக்குள்ள ஒரு விசயம் சொல்லலாம்னு பாத்தேன். சாப்பிடறவங்கன்னா ஒரு மாதிரி சொல்லுவேன், சாப்பிடாதவங்கன்னா வேற மாதிரி சொல்லுவேன். ரெண்டும் கைவசம் இருக்குது. சாப்பிடுவீங்களா? நல்லதாப் போச்சு. அப்ப நடந்ததை நடந்தபடியே சொல்லிரலாம்.

சித்த தள்ளி உக்காருங்க. இந்த வேட்டி கசங்கக்கூடாது. இன்னிக்கு என் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். சிங்காநல்லூர்ல மண்டபம். வீட்டு ஆளுக, ஒறம்பரை சொந்தபந்தம் எல்லாரும் விடியாலயே வேன்ல போயிட்டாங்க. மோதிரத்துக்குக் கடைசியா ஒரு தேய்ப்பு பாக்கி, பின்னாலயே பஸ்ல வந்தர்றேன்னு சொன்னேன். என் சம்சாரம் தொளசிமணி ஒரு பார்வை பாத்தா. தேய்ப்பெல்லாம் எப்பவோ முடிஞ்சுதுன்னு அவளுக்குத் தெரியும். ஒண்ணும் சொல்லலை. அவ ஒண்ணும் சொல்லலைன்னாத்தான் பயப்படோணும்.

எம்பேரு சென்னியப்பன். காங்கேயத்துல கறிக்கடை. எங்கப்பா வெச்ச கடை, அவருக்கப்புறம் நான் முப்பது வருசம் நடத்துனேன். நீங்க காங்கேயத்துல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. தராசுல வெக்கறதுக்கு முன்னாடியே என் கைக்குத் தெரியும் இது அரைக்கிலோன்னு. கூடக் கொறைய இருக்காது. நோம்பி, பண்டிகை நாளுன்னா வரிசை பஸ் ஸ்டாண்டைத் தொட்டுரும். தொட்டுரும்னா, அந்தப் பக்கமாப் போகும். சரி, அது எதுக்கு இப்ப.

இப்ப என்ன தொழில்னு கேக்கறீங்களா? மர மோதிரம் செய்யறேன். சிரிக்காதீங்க தம்பி. வீட்டுல மரம் கடையற லேத்து இருக்குது, மிசின் இருக்குது, எல்லாம் இருக்குது.

அது எப்படி வந்துதுன்னா, என் பொண்ணு சிந்துஜா கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனில வேலை. கூட வேலை பாக்கற பையன் பிரணவ். நல்ல பையன், அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. என்னப் பாத்தா எந்திரிச்சு நிப்பான். ஆனா வீடு சுத்த சைவம். முட்டைக்கடை இருக்கற தெருன்னா சுத்தி வேற தெருவுல போவாங்க, அப்பேர்ப்பட்ட சைவம். அவங்கம்மா சிவகாமசுந்தரி மொதல் தடவை இவளைப் பாக்கறப்ப, "அப்பா என்னம்மா பண்றாரு?"ன்னு கேட்டுருக்காங்க. சாதாரணக் கேள்வி. யாரும் கேப்பாங்க. அன்னிக்கு இவ விரல்ல ஒரு மர மோதிரம் கெடந்துருக்குது, ஏதோ பொருட்காட்சில வாங்குனது. அதையே பாத்துட்டு இருந்தவ, "அப்பா மரத்துல மோதிரம் செய்யறாருங்க அத்தை, இதுகூட அவரு செஞ்சதுதான்"னு சொல்லிட்டா.

பொய் சொன்னது அவ. தொழில் கத்துக்கிட்டது நான்.

புதுசு ஒண்ணும் இல்லீங்க. பள்ளிக்கொடத்துலயே அப்படித்தான். ஒருக்கா அவ டீச்சர் என்னைப் பாத்து, "மரக்கடை எப்படிங்க போகுது?"ன்னு கேட்டாங்க. திரும்பிப் பாத்தேன், பொண்ணு தூணுக்குப் பின்னால நின்னு கையெடுத்துக் கும்புடறா. "நல்லாப் போகுதுங்க டீச்சர், தேக்குதான் வெலை ஏறிப்போச்சு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்லீங்க. புள்ளைகன்னா அப்படித்தான்.

கடையைப் பொங்கலோட மூடிட்டேன். ஊருக்குள்ள முட்டிவலின்னு சொன்னேன். முட்டி நல்லாத்தான் இருக்குது. அடுத்த வாரமே லேத்து வந்து எறங்குச்சு, அவதான் வாங்கி அனுப்புனா, சின்னது, மேசை மேல வெக்கற மாதிரி. கூடவே துளை போடற மிசின், பட்டைப் பட்டையா உப்புத்தாளு. போன்ல படம் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். என் கைக்கு அது கஷ்டமில்லீங்க. எலும்பு எங்க மூட்டு விடும்னு தெரிஞ்ச கைக்கு, மரம் எங்க விடும்னு தெரியாதா?

அப்பத்தான் சம்பந்தியம்மா போன் பண்ணுனாங்க. ரொம்ப மருவாதையான குரலு. "சம்பந்தி, நிச்சயத்துக்கு மோதிரம் ரெண்டும் நீங்களே உங்க கையால செஞ்சு குடுங்க. ஆனா தேக்கு, கருங்காலி எல்லாம் வேண்டாம், அது எல்லாருகிட்டயும் இருக்குது. யாரு விரல்லயும் பாக்காத மரமா இருக்கட்டும். காலத்துக்கும் உடையக்கூடாது"ன்னாங்க. சரிங்கன்னுட்டேன். இனி மரம் தேடோணும்.

தேடுனேன் தம்பி. நீங்க நம்போணும், தேடாம இல்லை. தாராபுரம் ரோட்டுல ஒரு மரமில்லு விடலை. துண்டு துண்டா வாங்கிட்டு வந்து, ஒவ்வொண்ணுலயும் ஒரு மோதிரம் கடைஞ்சேன். வேம்பு, பூவரசு, வாகை, கருவேலம், ஈட்டி. கருங்காலி வேண்டாம்னுதான் சொன்னாங்க, இருந்தாலும் ஒரு துண்டு வாங்கிப் பாத்தேன். இப்ப ஊரே கழுத்துல போட்டுட்டுத் திரியுதே, அந்தக் கருங்காலி. தண்ணில போட்டு எடுத்தா என் கையெல்லாம் கருப்பு, மரம் வெள்ளையா நிக்குது. அதை வித்தவன் கழுத்துல ரெண்டு மாலை போட்டுருந்தான்.

மோதிரம் கடைஞ்சாப் போதுமா, பரீட்சை வெக்கோணுமில்ல? காலத்துக்கும் உடையக்கூடாதுன்னு சம்பந்தியம்மா சொல்லிருக்காங்க. ராத்திரி படுக்கப் போறப்ப கல்லுப்பும் மஞ்சளும் போட்டு நல்லாத் தேய்ச்சு வெச்சர்றது. காலைல எடுத்துக் கட்டை மேல வெச்சு, வெட்டுக்கத்தியைத் திருப்பிப் புடிச்சு, கத்தி முதுகால ஒரே தட்டு. அவ்வளவுதான் பரீட்சை.

ஏன் உப்புங்கறீங்களா? இதென்ன கேள்வி தம்பி? மரம்னா உப்புப் போட்டுத்தானே தேய்ப்பாங்க? எங்கப்பா தேய்ச்சாரு, நான் தேய்ச்சேன். கடை சாத்தறதுக்கு முன்னாடி கறி வெட்டற கட்டையைச் சுரண்டி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்ச்சு, சாக்கு போட்டு மூடிட்டுத்தான் வீட்டுக்கு வரோணும். ஒரு நாளு விட்டதில்லை. உப்புக்கு நிக்காத மரம் என்ன மரம்?

ஒண்ணும் நிக்கலீங்க. வேம்பு உப்புலயே வாயைப் பொளந்துருச்சு. பூவரசு ஊதிப்போயி வட்டம் கோணலாயிருச்சு. வாகையும் ஈட்டியும் உப்புக்கு நின்னுது, தட்டுக்கு ரெண்டாப் போச்சு. கருவேலம் மூணா. தொளசி அந்தப் பக்கம் வந்தவ, "நல்ல மோதிரத்தையெல்லாம் ஏனுங்க போட்டு ஒடைக்கறீங்க?"ன்னா. உனக்குத் தெரியாது போன்னேன்.

ஒரு நாளு காலைல, அன்னிக்கு ஒடைஞ்சது கருவேலம்னு நெனைக்கறேன், தூளைத் துடைச்சுட்டுக் கட்டை மேலயே உக்காந்தேன். கடையை மூடுனப்ப கட்டையை யாருக்கும் குடுக்கலை. ரெண்டு பேரு கேட்டாங்க. வீட்டுக்குப் பின்னால பொடக்காளில, கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல உருட்டிப் போட்டிருந்தேன். உக்காந்துட்டே நெனைக்கறேன், இத்தனை மரத்தை இது மேல வெச்சுத் தட்டுனமே, எல்லாம் ஒடைஞ்சுது, இதுக்கு ஒரு கீறல் விழுந்துதா? பரீட்சை வெக்கற கட்டைக்கு யாருமே பரீட்சை வெக்கலையே?

புளியங்கட்டைங்க. கிழட்டுப் புளியமரத்தோட உள்வைரம். எங்கப்பா வாங்கிப் போட்டது. புளி நார் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கும், அதனாலதான் கறிக்கடைக்கு அதை எடுக்கறது. மேல வெட்டுனா உள்ள வாங்கிக்கும், பொளக்காது. ஓரத்துல ஒரு துண்டு எடுத்தேன். எடுக்கறதுக்குள்ள ரம்பம் ரெண்டு மழுங்கிப் போச்சு. ஒரு பக்கத்துல மட்டும் கை வெக்கலை. அந்தப் பக்கம் சிந்துஜா சின்னவளா இருக்கறப்ப ஆணில கீறி அவ பேரோட மொத எழுத்தைப் போட்டிருப்பா. தொளசிக்கு ஒடம்பு செரியில்லாத வருசம் அது, கொழந்தை கடையிலயேதான் என்கூடக் கெடக்கும். வேலை முடிஞ்சு கட்டையைத் தேய்ச்சுக் காயவெச்சு, அது மேல உக்காத்தி வெச்சுருவேன். அங்க உக்காந்துதான் அ ஆ எழுதிப் பழகுனா. அதுனால அந்தப் பக்கத்தை விட்டுட்டு எதிர்ப்பக்கமா எடுத்தேன். வேற காரணம் ஒண்ணும் இல்லை, எதிர்ப்பக்கம் வைரம் கொஞ்சம் தூக்கலா இருந்துது.

கடைஞ்சா, தம்பி, என்னன்னு சொல்றது! நாவப்பழத் தோலு கலரு. உள்ள ஓடற வரி ஒவ்வொண்ணும் தண்ணி அலையாட்டம். எண்ணெய் பூசவே தேவையில்லை. முப்பது வருசக் கொழுப்பு உள்ள எறங்கி நிக்குதே, பூசறதுக்கு எடம் எங்க இருக்குது? ராத்திரி உப்புப் போட்டேன். அது உப்புன்னே கண்டுக்கலை. காலைல தட்டுனேன். டங்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். மணியாட்டம். நான் பயித்தியக்காரனாட்டம் மறுக்காவும் மறுக்காவும் தட்டறேன், தொளசி ஓடி வந்து கையைப் புடிச்சா.

வாசம் ஒண்ணும் கெடையாது. அதையும் பாத்துட்டேன். நம்ம கடைக்கு முன்னாடி ஒரு செவலை நாயி படுத்திருக்கும், கடை மூடுனதுக்கப்புறம் வீட்டுக்கே வந்துருச்சு. அது மட்டும் நான் மோதிரம் போட்ட கையைத் தூக்குனா எந்திரிக்கும், எறக்குனா உக்காரும். அது பழக்கதோசம். நாயை ஒரு சாட்சியா எடுத்துக்க முடியாது.

பொங்கலூரா இது? ம், இன்னும் நேரம் இருக்குது.

அந்தச் சமயத்துல சம்பந்தியம்மா வீடு பாக்க வந்தாங்க. தட்டு நெறையப் பழம், பூவு. தொளசி ஒரு வாரமா வீட்டைக் கழுவிருக்கா, சட்டியெல்லாம் மாத்தியாச்சு. நான் மாதிரிக்குக் கடைஞ்ச மோதிரம் மேசை மேல இருந்துது. எடுத்துப் பாத்தாங்க, போட்டுப் பாத்தாங்க. கழட்ட மனசே வரலை அவங்களுக்கு. "என்ன மரங்க இது?"ன்னாங்க. என் பொண்ணு என்னைப் பாக்கறா. "புளிங்கம்மா"ன்னேன். "அட, புளியா! தெனமும் கொழம்புக்குக் கரைக்கறோம், அதுக்குள்ள இப்படி ஒரு நெறமா?"ன்னு ஒரே சந்தோசம். "ரொம்பப் பழைய மரமோ?"ன்னாங்க. "எங்கப்பா காலத்துக் கட்டைங்க. எங்க குடும்பத்துக்கே சோறு போட்டது"ன்னேன். ஒரு வார்த்தை பொய் இருக்குதா சொல்லுங்க? அம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "இதுலயே செஞ்சுருங்க சம்பந்தி. இது எனக்கே இருக்கட்டும்"னு போட்டுட்டே போயிட்டாங்க. அந்தக் கையோடதான் இன்னிக்கு வரைக்கும் காலைல விளக்கேத்தறாங்களாம்.

என் பொண்ணுக்கு அன்னிக்குப் புரியலை. போன வாரம் ஊருக்கு வந்தவ பொடக்காளிக்குப் போயிருக்கா. வரவே காணோம். என்னன்னு போயிப் பாத்தா, கட்டைக்கு முன்னால உக்காந்துருக்கா. ஒரு பக்கம் துண்டு எடுத்த பள்ளம். இன்னொரு பக்கம் அவ எழுத்து. அந்த எழுத்தை விரல்ல தேய்ச்சுட்டே இருக்கா.

"அப்பா, இதுலயா?"ன்னா.

"ஆமா கண்ணு. வேற எந்த மரமும் நிக்கலை. நானும் எத்தனையோ மரம் தேடிப் பாத்துட்டேன்."

"எல்லாத்துக்கும் உப்புப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"கத்தில தட்டுனீங்களா?"

"தட்டுனேன்."

"மோதிரத்துக்கு எவனாச்சும் உப்புப் போட்டுக் கத்தில தட்டுவானாப்பா? நீங்க மரமே தேடலைப்பா."

தேடலைங்கறா! என் ரெண்டு செருப்பு தேஞ்சுருக்குது. அவளே மறுபடியும் கேட்டா, மெதுவாத்தான் கேட்டா: "என்னைப் பழி வாங்கறீங்களாப்பா?"

"என்னத்துக்குக் கண்ணு பழி? கட்டை நல்லாருக்குது, அதுனால எடுத்தேன்"னேன். அதுக்கு அழுகறா. இதுல அழுகறதுக்கு என்ன இருக்குதுன்னு நீங்களே சொல்லுங்க. "பிரணவ் அம்மா விளக்கேத்தற கையிலப்பா!"ங்கறா. விளக்கு நல்லாத்தான எரியுதுன்னேன். அதை நான் சொல்லிருக்கக்கூடாது, வாய் தவறி வந்துருச்சு.

அப்பறம் அவளே கண்ணைத் தொடைச்சுட்டு, மிச்சமிருந்த வாகைத் துண்டை எடுத்துக் கையில குடுத்தா. பக்கத்துலயே நாக்காலி போட்டு உக்காந்துட்டா. உப்பு டப்பாவைத் தூக்கி அட்டாலில வெச்சாச்சு. கத்தியத் தொளசி ஒளிச்சு வெச்சுட்டா. கட்டைல ஒரு ஜோடி முன்னமே கடைஞ்சு வெச்சிருந்தேன், இப்ப இன்னொரு ஜோடி வாகைல கடைஞ்சு குடுத்தேன். நல்லாத்தான் இருக்குது, தேன் கலருல. ஒடையலை. யாரும் தட்டலை, அதனால ஒடையலை.

கெளம்பறப்ப ஒண்ணு சொன்னா தம்பி. "அப்பா, ரெண்டு ஜோடியும் உங்ககிட்டத்தான் இருக்குது. மேடைல நீங்க எதை எடுத்து நீட்டறீங்களோ அதை நான் போட்டுக்கறேன். கட்டையை நீட்டுனீங்கன்னா அத்தைகிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிர்றேன். கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும். இனி எனக்குப் பொய் சொல்ல முடியலைப்பா." இது எப்படி இருக்குது பாருங்க. இத்தனை வருசமும் அவளுக்காக நாங்க சொன்னோம், இப்ப அவளால முடியலையாமா. முடிவை என் தலைல கட்டிட்டுப் போயிட்டா.

சம்பந்தியம்மா கையில கெடக்கறதுக்கும் ஒரு வழி சொல்லிக் குடுத்துருந்தா. பாலீஷ் போட்டுத் தர்றேன்னு கழட்டி வாங்கிட்டு, வாகையை மாத்திக் குடுத்துருங்கன்னு. அப்படியே போன் பண்ணிக் கேட்டேன். "அது கழட்டவே வரமாட்டேங்குதுங்க சம்பந்தி. சோப்புப் போட்டுப் பாத்தாச்சு, எண்ணெய் போட்டுப் பாத்தாச்சு. வேண்டாம், அது இருக்கட்டும், அது என் விரலோட சேந்துருச்சு"ங்கறாங்க. சரிங்கம்மான்னு வெச்சுட்டேன். அது வராதுங்க தம்பி. அது அப்படிப்பட்ட கட்டை.

ஆக, அவங்க வீட்டுக்குள்ள ஒண்ணு போயிருச்சு. நான் அனுப்பலை. அதாப் போச்சு.

ஏன் வாகைன்னு கேட்டாங்கன்னா, அந்த மரம் தீந்துபோச்சுங்கம்மான்னு சொல்லோணும். சொல்லிப் பழகிட்டே வரேன். அந்த மரம் தீந்துபோச்சுங்கம்மா. அந்த மரம் தீந்துபோச்சுங்கம்மா. சரியா வருதுங்களா?

ஆமாங்க, வாகையைத்தான் நீட்டப்போறேன். பின்ன என்னங்க? பொண்ணு வாழோணும். அந்தப் பையனைப் பாக்கறப்ப அவ மூஞ்சி இருக்கற இருப்பை நான் கண்ணால பாத்துருக்கேன். அதுக்கு முன்னால ஒரு கட்டை பெருசா? காலைல எந்திரிச்சதும் முடிவு பண்ணிட்டேன். வலப்பக்கப் பாக்கெட்டுல வாகை. இந்தப் பாக்கெட்டுல கட்டை. ரெண்டையும் எதுக்குக் கொண்டுவந்தேன்னு தெரியலை. வேன்ல வந்திருந்தா தொளசி பாக்கெட்டைத் தடவிப் பாத்துருப்பா. அதுக்குத்தான் பஸ்ல வந்தனோ என்னமோ.

காரணம்பேட்டை தாண்டிட்டமா? அப்ப அடுத்தது சூலூரு. நீங்க எறங்கோணுமில்ல.

தம்பி, சித்த கையைக் காட்டுங்க. இல்லீங்க, சும்மா காட்டுங்க. ம். நெனைச்சேன். பிரணவ் விரலும் இதே பருமன்தான். என் கண்ணு தப்பாது. கல்யாணம் ஆயிருச்சுங்களா? பாத்துட்டு இருக்காங்களா? அப்பச் சரியாப் போச்சு.

இந்தாங்க, புடிங்க. அட, புடிங்க தம்பி. காசெல்லாம் பேசாதீங்க, கோவம் வந்துரும் எனக்கு. பெருசு உங்களுக்கு, சின்னது வரப்போறவங்களுக்கு. அவங்க விரலுக்குக் கொஞ்சம் பெருசா இருந்தா நூலு சுத்திக்கலாம். தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது, சோத்துல கை வெச்சாலும் ஒண்ணும் ஆகாது. உப்புக்குத் தாங்கின மரம். இது என் பாக்கெட்டுல இருந்துதுன்னு வெச்சுக்குங்க, மேடைல என் கை எங்க போகும்னு எனக்கே தெரியாது. முப்பது வருசப் பழக்கம், கட்டைப் பக்கம்தான் போகும்.

ஒண்ணே ஒண்ணு தம்பி. போட்டீங்கன்னா யாராச்சும் கேப்பாங்க, இது என்ன மரம்னு. கண்டிப்பாக் கேப்பாங்க. புளின்னு மட்டும் சொல்லி நிறுத்திராதீங்க. காங்கேயம் சென்னியப்பன் கறிக்கடைக் கட்டைன்னு சொல்லுங்க. சத்தமாவே சொல்லுங்க. என் பொண்ணு சொல்லமாட்டா, நான் சொல்லக்கூடாது. நீங்களாச்சும் சொல்லுங்க.

எனக்கு வருத்தம் ஒண்ணும்… இருக்குதுங்க தம்பி. இல்லாம எப்படி?

சூலூர் வந்துருச்சு பாருங்க. உங்க பையை எடுத்துக்குங்க. பாத்து எறங்குங்க, வண்டிய எடுத்துருவான்.